மேல் படுக்கைக்கு எந்த டேப்லெட்? 15,000 ரூபாய்க்குள் ஓர் ஒப்பீடு

சென்னை சென்ட்ரலிலிருந்து புது டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடும் தூரம் 2,180 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல், மொத்தம் சுமார் 33 மணி நேரம். மகள் அங்கே படிக்கப் போனதிலிருந்து வருடத்துக்கு மூன்று நான்கு முறை இந்தத் தடத்தில் போய் வருகிறேன். பெரும்பாலும் எனக்குக் கிடைப்பது அப்பர் பெர்த். என்னிடம் இருப்பது 8.7 அங்குலத் திரை கொண்ட சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9. அண்ணனிடம் 11 அங்குல ரெட்மி பேட் எஸ்இ. இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது டேப்லெட் எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். ரயிலில் போன்தான் டிக்கெட். ஸ்டேஷனில் அழைத்துப்போக வருபவரிடம் பேசுவதும், ஓடிபி வருவதும், ஆட்டோவுக்குப் பணம் அனுப்புவதும் அதில்தான். படம் பார்த்தே அதன் பேட்டரியைக் கரைத்துவிட்டு விடியற்காலையில் தெரியாத ஊரில் இறங்குவது நல்லதில்லை. பொழுதுபோக்கையும் வாசிப்பையும் வேறொரு கருவிக்கு மாற்றிவிட்டால் போன் நிம்மதியாக ஓய்வெடுக்கும்.

முதலில் எடை. ஏ9 332 கிராம், பேட் எஸ்இ 478 கிராம். வித்தியாசம் 146 கிராம்தானே, ஒரு தக்காளி எடை என்று கடையில் நிற்கும்போது தோன்றும். அங்கே நாம் அதைப் பிடித்துப் பார்ப்பது இரண்டு நிமிடம், அதுவும் நின்றுகொண்டு. அப்பர் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார இடம் கிடையாது. மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும்போது 478 கிராம் இருபது நிமிடத்தில் மணிக்கட்டில் தெரிய ஆரம்பிக்கிறது. 11 அங்குலத்தை ஒரு கையால் பிடிக்கவும் முடியாது. இன்னொரு கையும் போய்விட்டால் கம்பியைப் பிடிக்கவோ, போர்வையை இழுக்கவோ கை இல்லை. ஏ9 ஒரு கையில் அடங்கும். ஒருக்களித்துப் படுத்து, தலையணை ஓரத்தில் சாய்த்து வைத்தும் படிக்கலாம். கவர் போட்டால் எடை இன்னும் ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மடக்கி நிறுத்தும் கவர்கள் 11 அங்குல அளவில் சாதாரணமாக 200 கிராமுக்கு மேல் வரும். அதோடு சேர்த்தால் முக்கால் கிலோவை நெருங்கிவிடுகிறது.

லோயர் பெர்த்தும் சைடு லோயரும் கிடைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முழுக்க மாறும். ஜன்னலோரத்தில் சின்ன மேசை இருக்கும், மடி இருக்கும், கை தூக்கவே வேண்டாம். அங்கே 11 அங்குலம் தரும் சுகம் தனி. நான்கு ஸ்பீக்கர் வேறு. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்போன் இல்லாமல் பாட்டோ படமோ ஓடவிடக் கூடாது என்பது ரயில்வே விதி. பகலிலும் பக்கத்தில் இருப்பவர் காதில் நம் படம் விழக் கூடாது என்று நினைப்பவன் நான், அதனால் ஸ்பீக்கரின் எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதே இல்லை. இரண்டிலுமே 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை இருக்கிறது. அது முக்கியம். ப்ளூடூத் இயர்போனுக்கும் சேர்த்து சார்ஜ் தேடுவது ரயிலில் வேண்டாத வேலை.

படிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டேப்லெட் பற்றிப் பேசுபவர்கள் இதைத்தான் தொடுவதில்லை. தமிழில் நாம் படிப்பதில் பாதி, ஸ்கேன் செய்த பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து இறக்கிய பழைய நூல்கள் எல்லாம் அப்படித்தான். எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தைத்தான் பெரிதாக்க முடியும். ஒரு டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் சுமார் 14 சென்டிமீட்டர் அகலம், 21.5 உயரம். 11 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் 14.8 அகலம், 23.7 உயரம். அதாவது பக்கம் அச்சில் இருந்த அளவிலேயே முழுதாக உட்கார்ந்துவிடுகிறது. 8.7 அங்குலத்தில் கிடைப்பது 11.3 அகலமும் 19 உயரமும்தான். எழுத்து ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அச்சு மங்கிய பழைய நூலென்றால் ண, ன வேறுபாடே கண்ணுக்குத் தப்பும். புள்ளி இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். திரையின் நுணுக்கமும் கைகொடுப்பதில்லை. ஏ9இல் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 179 திரைப்புள்ளி (பிக்சல்), பேட் எஸ்இயில் 206.

இதற்கு நான் கண்ட வழி, பக்கத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிக் காட்டும் செயலிகள். கேஓரீடர் அப்படி ஒன்று, இலவசம். ஓரம் போனால் எழுத்துப் பகுதி மட்டும் பத்து, பத்தரை சென்டிமீட்டர் அகலம்தான், அது 8.7 அங்குலத்தில் ஏறக்குறைய அசல் அளவிலேயே வந்துவிடும். இபப் வடிவில் கிடைக்கும் நூல்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, எழுத்தை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் நிறைய இருக்கின்றன. ஆக, ஸ்கேன் பிடிஎஃப் மட்டுமே படிக்கிற ஆய்வு மாணவர் என்றால் கை வலியைப் பொறுத்துக்கொண்டு 11 அங்குலம் வாங்கலாம். கதை, கட்டுரை, படம் என்று கலந்து போகிறவருக்கு 8.7 போதும்.

அடுத்து பேட்டரி. ஏ9இல் 5,100 எம்ஏஎச், பேட் எஸ்இயில் 8,000. காகிதத்தில் பேட் எஸ்இ எங்கோ முன்னால் நிற்கிறது, உண்மையிலும் கூடுதல் நேரம் ஓடத்தான் செய்கிறது. ஆனால் பெரிய திரைக்கு மின்சாரமும் கூடுதலாக வேண்டும், எண் சொல்கிற அளவுக்கு இடைவெளி இருப்பதில்லை. அதைவிட ரயிலில் உறுத்துவது சார்ஜ் ஆகும் வேகம். பேட் எஸ்இ ஏற்பது 10 வாட். காலியான நிலையிலிருந்து நிரம்ப நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஏ9 ஏற்பது 15 வாட், பேட்டரியும் சின்னது, அதில் பாதி நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். எல்லாப் பெட்டியிலும் படுக்கைக்கு ஒரு சாக்கெட் கிடையாது. நாலு பேர் வரிசையில் இருக்கும் இடத்தில் நாம் நான்கு மணி நேரம் பிடித்து வைத்திருப்பது நியாயமில்லை. அதோடு, தீவிபத்து ஆபத்தைக் கருதி இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் சாக்கெட்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும்படி 2021இல் ரயில்வே அறிவுறுத்தியது. தூங்கும்போது செருகி வைத்துவிடலாம் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள்.

அதனால் பவர் பேங்க் அவசியம். 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தாலும் மின்னழுத்த மாற்றத்தில் இழப்பு போக, கையில் கிடைப்பது ஆறு, ஆறரை ஆயிரம்தான். அது ஏ9ஐ ஒரு முறை முழுக்க நிரப்பும், பேட் எஸ்இயை முக்கால் அளவுக்கு நிரப்பும். பவர் பேங்க் 200 கிராமுக்கு மேல் இருக்குமே, ஏ9ஓடு சேர்த்தால் பேட் எஸ்இயைவிடக் கனமாகிவிடாதா என்று அண்ணன் கேட்டார். கூட்டினால் அப்படித்தான் வருகிறது. ஆனால் பவர் பேங்க் பையில் கிடக்கிறது. கையில் தூக்கிப் பிடிப்பது 332 கிராம் மட்டுமே. பையை பெர்த் சுமக்கிறது, டேப்லெட்டைக் கைதான் சுமக்கிறது.

சிம் கார்டு போடும் வகை வேண்டுமா? வாரங்கல் தாண்டி பல்லார்ஷா வரையிலும், நாக்பூருக்கும் இடார்சிக்கும் நடுவே சாத்புரா மலைப் பகுதியிலும் சிக்னல் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். சிம் இருந்தும் அங்கே பயனில்லை. முதல் நாளே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்வதுதான் நம்பகமானது. ஏ9இன் அடிப்படை வகையில் 64 ஜிபி. அதில் கணிசமான பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும் என்பதால் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பேட் எஸ்இ 128 ஜிபியில் தொடங்குகிறது, அது அதன் பெரிய பலம். இன்னொரு சின்ன விஷயம் எனக்குப் பிடித்தது: ஏ9இல் ஜிபிஎஸ் உண்டு, பேட் எஸ்இயில் இல்லை. வரைபடத்தை முன்கூட்டி இறக்கி வைத்தால், சிக்னலே இல்லாத காட்டில்கூட ஜன்னலருகே வைத்து இப்போது எந்த ஆற்றைக் கடக்கிறோம் என்று பார்க்கலாம். கோதாவரியையும் நர்மதையையும் நான் அப்படித்தான் காத்திருந்து பார்க்கிறேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் 10,999 ரூபாய்க்கு வந்த ரெட்மி பேட் எஸ்இ 4ஜி, பெயரில் அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும் 8.7 அங்குலம். 6,650 எம்ஏஎச், சிம் போடலாம், எடை ஏறக்குறைய 375 கிராம். ப்ராசஸர் ஏ9ஐவிட மெதுவானது, ஆனால் படிக்கவும் படம் பார்க்கவும் தடையில்லை. இறுக்கமான பட்ஜெட் என்றால் என் முதல் பரிந்துரை இதுதான். லெனோவா டேப் எம்9, 9 அங்குலம், 344 கிராம். நல்ல விலைக்குக் கிடைத்தால் பார்க்கலாம். ஏ9க்குப் பின் 2025இல் வந்த ஏ11, அதே 8.7 அங்குலம், அதே 5,100 பேட்டரி, திரை மட்டும் 90 ஹெர்ட்ஸ், அதாவது பக்கத்தை நகர்த்தும்போது காட்சி வழுக்கிக்கொண்டு போகும். விலை ஒன்றாக இருந்தால் புதியதையே எடுங்கள். 293 கிராம் ஐபேட் மினி எடையில் எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது. ஆனால் 2024 மாடலின் தொடக்க விலை 49,900.

மின்னூல் படிப்பதற்கென்றே அமேசான் விற்கும் கிண்டிலை ஒதுக்க எனக்கு மனமில்லை. 2024இன் பேப்பர்வைட் 7 அங்குலம், 211 கிராம், அங்குலத்துக்கு 300 புள்ளி. பகல் முழுக்க ஜன்னல் வெயிலில் படித்தாலும் கண் கூசாது. சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்கள் அதற்கு விற்பனையில் உள்ளன. ஸ்கேன் பிடிஎஃப்பும் படமும்தான் அதில் சரிப்படாது. 33 மணி நேரமும் நாவல் மட்டுமே படிப்பேன் என்பவர் டேப்லெட் வாங்க வேண்டாம்.

அடுத்த மாதம் அம்மாவை அழைத்துப் போகிறேன். மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் அவருக்கு லோயர் பெர்த் கிடைத்திருக்கிறது, எனக்கு வழக்கம்போல அப்பர். அண்ணனிடம் பேட் எஸ்இயை அம்மாவுக்காகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஜன்னலோர மேசையில் சாய்த்து வைத்து அவர் படிக்கட்டும். ஏ9 என்னோடு மேலே வரும்.