ரிப்பீட்டருக்குள் இருக்கும் தேதியால் வரிசைப்படுத்த எந்த வழி?

வேர்ட்பிரஸில் ஏசிஎஃப் (பதிவுகளுக்குக் கூடுதல் புலங்கள் சேர்க்கும் பிளகின்) தரும் ரிப்பீட்டருக்குள், அதாவது ஒரே புலத்தைப் பலமுறை நிரப்பவிடும் பெட்டிக்குள், வகுப்புத் தேதிகளைப் போட்டால், டேட்டாபேஸில் அவை 'வகுப்பு_0_தேதி', 'வகுப்பு_1_தேதி' என்று தனித்தனி வரிகளாக உட்காரும். எல்லாத் தேதிக்கும் பொதுவான கீ (மதிப்பைத் தேட உதவும் பெயர்) கிடையாது.

ஒரு வழி, எண் வரும் இடத்தில் % (எதுவும் வரலாம் என்ற குறி) வைத்து, எஸ்க்யூஎல்-இன் லைக் (LIKE) மூலம் தேடுவது. கூடுதலாக எதையும் சேமிக்க வேண்டாம். ஆனால் ஒரு வகுப்புக்கு மூன்று தேதி இருந்தால், எதை வைத்து வரிசை வந்தது என்றே தெரியாது. எனக்கு மார்ச் வகுப்பு ஜனவரிக்கு மேலே வந்து நின்றது.

மற்ற வழி, பதிவைச் சேமிக்கும்போதே அடுத்த தேதியைத் தனி மெட்டா கீயில் (பதிவோடு சேரும் கூடுதல் தகவலின் பெயர்) ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 20260114 என்று எழுதிவைப்பது. இதற்கான கோடைப் பதிவு சேமிக்கப்படும்போது ஓடவைக்கும் சேவ் போஸ்ட் ஹூக்கின் முன்னுரிமை எண் 10-ஐத் தாண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய மதிப்புதான் கிடைக்கும். அப்புறம் எண்ணாக வரிசைப்படுத்தினால் போதும். கீ இல்லாத பழைய பதிவுகள் பட்டியலிலேயே வராது. ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி சேமிப்பதுதான் எரிச்சல். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.