புரட்டாசி நடவுக்கு நம்பி வாங்கத்தக்க நாற்றுப்பண்ணை

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் செல்லும் வழியில், பச்சை நிழல்வலை கட்டிய சிறிய நாற்றுப்பண்ணை ஒன்று இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கான காய்கறி நாற்றுகளைச் சில ஆண்டுகளாக அங்கேதான் வாங்கி வருகிறேன். இரண்டு பருவமழைகளையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில், தென்மேற்குப் பருவமழை தணிந்து ஐப்பசி மழை வலுக்கும் முன் கிடைக்கும் புரட்டாசி இடைவெளிக்குள் வேர் பிடித்துவிட்ட செடிதான் அடுத்து வரும் அடைமழையைத் தாங்கும். அந்தக் கணக்கை அறிந்து, ஆடிக் கடைசியிலும் ஆவணியிலுமாக விதைத்து, புரட்டாசி பிறக்கும்போது நாற்றுகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

98 குழிகள் கொண்ட தட்டுகளில் வளர்க்கும் தக்காளியை ஏறத்தாழ 25 நாள் வயதிலும், கத்தரியையும் மிளகாயையும் 35 நாள் வயதிலும் விற்பனைக்கு எடுக்கிறார்கள். அதற்குச் சில நாள் முன்பே தட்டுகளை நிழல்வலைக்கு வெளியே வைத்து, தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கிவிடுகிறார்கள். நாற்றை மெல்ல உருவிப் பார்த்தால் வெள்ளை வேர்கள் தென்னை நார்த்தூளை உதிராமல் பின்னிப் பிடித்திருக்கும். தண்டு குட்டையாகவும் அடியில் சற்றே ஊதா ஓடி விறைப்பாகவும் இருக்கும். நிழலிலேயே நெடுநெடுவென்று வளர்ந்த நாற்றுகள் நட்ட மறுநாளே துவண்டுவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எனினும், ரகத் தேர்வுக்காகவே இப்பண்ணையை நான் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். அமிலத்தன்மையும் ஈரமும் மிகுந்த நம் செம்மண்ணில் பாக்டீரியா வாடல் நோய் தக்காளிக்கும் கத்தரிக்கும் பெரும் பகை. காய்க்கும் தருவாயில், இலை மஞ்சளாகாமலே செடி முழுவதும் தொங்கிவிடும். தண்டை அறுத்துத் தெளிந்த நீரில் நிறுத்தினால் பால் போன்ற கசிவு இழையாக இறங்கும். அந்நிலைக்கு வந்த செடியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. ஆகவே, இந்நோயைத் தாங்குவதற்கென்று கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட அனகா தக்காளி, உஜ்வலா மிளகாய், சூர்யா கத்தரி ஆகியவற்றை இங்கே பெயரெழுதி வைத்து விற்பது பெரிய உதவி. சுண்டைச் செடியின் மேல் ஒட்டுக் கட்டிய கத்தரியும் உண்டு. விலை கூடுதல்தான், ஆயினும் தகும். ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் புதையக்கூடாது, அதற்குக் கீழே துளிர்க்கும் சுண்டைக் கிளையைக் கிள்ளிவிட வேண்டும் என்று பண்ணைக்கார அக்கா ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறார். பூக்கோசு நாற்று கேட்டு வந்த ஒருவரிடம், "இப்பம் கொண்டு போவாண்டாம், மழை அடங்கட்டும், பெறவு வாங்க" என்று சொல்லி, வந்த விற்பனையையே அவர் தள்ளிவைத்ததை நேரில் கண்டேன்.

குறைகளும் உண்டு. அங்கே வாங்கிய 5 கிலோ நார்த்தூள் கட்டியில் உப்பு மிகுதியாக இருந்தது. கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, உப்பங்கழியில் அழுகவைத்துப் பிரித்த தூளில் உப்பு தங்குவது இயல்புதான். அதை அலசாமல் பையில் நிரப்பினால் இலை ஓரம் கருகும் என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஊறவைத்து, வடியும் செந்நீர் தெளியும்வரை பலமுறை அலசிய பிறகே பயன்படுத்தினேன். வெண்டை, பயறு, பாகல் விதைப் பொட்டலங்களில் பொதித்த தேதி இல்லாததால், நேரடியாக விதைக்கும் இவற்றை மட்டும் வேறிடத்தில் வாங்குவது நல்லது.

முழுத் தட்டாக வாங்குவோரிடம் தட்டுக்கு முன்பணம் பெற்று, திருப்பிக் கொடுத்ததும் தந்துவிடுகிறார்கள். ஒட்டுக் கத்தரி விரைவில் தீர்ந்துவிடுவதால் புரட்டாசி முதல் வாரத்திலேயே செல்லவும். பிற்பகலில் வாங்கினால் அன்று மாலையே வெயில் தாழ நட்டுவிடலாம்.