நின்ற காரை விற்பது: சரிசெய்து கொடுப்பதா, குறையைச் சொல்லிக் கொடுப்பதா?

கானாடுகாத்தானில் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் 10 வருஷமாக ஒரு ஹேட்ச்பேக். ஓடியது 28,000 கிலோமீட்டர்தான். கல்யாணம், பிள்ளையார்பட்டி, காரைக்குடி ஆஸ்பத்திரி, அவ்வளவு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வண்டி மட்டும் ஊரில் நிற்பது செட்டிநாட்டில் புதிதல்ல. விற்கச் சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்தார். ஒவ்வொரு கோளாறுக்கும் இரண்டு வழி: செலவு செய்து சரிபண்ணுவது, இல்லையென்றால் சொல்லிவிட்டு விலையில் கழிப்பது. மூன்றாவது வழியைப் புரோக்கர் சொன்னார்.

டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் பள்ளம், நன்றாகவே இருந்தது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் ஆழம், இதில் அதைப்போல மூன்று மடங்கு. ஆனால் பக்கவாட்டில் 2315 என்று அச்சு, அதாவது 2015இன் 23ஆம் வாரம் செய்தது. நகத்தால் கீறினால் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. கிலோமீட்டர் குறைவு என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ரப்பருக்கு அது தெரியாது. நாலும் புதுசாகப் போட்டால் போட்ட காசு விலையில் திரும்பாது. அதனால் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டி, டயர் காசைக் கழித்தேன். டயர் பாலிஷ் மட்டும் அடிக்கவில்லை, வெடிப்பை மறைத்துவிடும். வாங்கியவர் நேரே டயர் கடைக்குத்தான் ஓட்டிப்போனார்.

பிரேக்கில் விலையைக் கழிக்கிற பேச்சே கிடையாது. பிரேக் ஆயில் ஓடாமல் நின்றாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாற்றியாயிற்று, செலவும் சொற்பம்.

இனி ஏசி. "கேஸ் மட்டும் அடிச்சு விடுங்கண்ணே, ஓட்டிப் பாக்கும்போது ஜில்லுன்னு இருக்கும்" என்றார் புரோக்கர். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சாமான் இல்லை. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அடித்த கேஸ் இறங்குவதற்குள் வண்டி கைமாறிவிடும், அதுதான் அவர் சொன்ன மூன்றாவது வழி. ஏசி வேலை செய்யாது என்று சொல்லியும் விற்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் காரைக்குடிப் பக்கம் அந்த வண்டியை யார் வாங்குவார்? ஏசி கேஸைக் குளிரவைக்கும் கண்டென்சரில் கசிவு. மாற்றி, பில்லை எடுத்துவைத்தேன்.

அந்த வேலைக்குப் போனபோதுதான் மெக்கானிக் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, கிழிந்த பழந்துணி, எலிப் புழுக்கை. பக்கத்தில் கடித்த ஒயர். டேப் சுற்றிவிட்டால் அன்றைக்கு ஓடும். ஒயரையே மாற்றச் சொன்னேன். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் டேப் சுற்றுவது கேஸ் அடிப்பதற்குத் தம்பி.

இடப்பக்கக் கதவில் தூணில் உரசிய கீறலை அப்படியே விட்டேன். ஒரு கதவு மட்டும் புதுப் பெயிண்டில் மின்னினால், எங்கேயோ இடித்த வண்டி என்றுதான் நினைப்பார்கள்.

உண்மையில் இழுத்தடித்தது காகிதம். கடன் எப்போதோ முடிந்திருந்தும் ஆர்சியில் பேங்க் பெயர் அப்படியே இருந்தது. பேங்கிடம் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35ம் வாங்கி அந்தப் பெயரை நீக்கிய பிறகே விலை பேசினேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி, வண்டி கொடுத்த தேதியையும் மணியையும் எழுதி வைத்துக்கொண்டேன். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாமல் கிடந்தால் அபராதச் சீட்டு பெரியப்பா பெயருக்கே வரும்.