வன்னியின் கைக்குழந்தைகள் இல்லத்துக்கு வெளிநாட்டுத் தொண்டர்: ஒரு சேவையின் மதிப்பீடு

பல்கலைக்கழக விடுமுறையில் பிள்ளைகளைக் கிளிநொச்சிப் பக்கமுள்ள கைக்குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குத் தொண்டராக அனுப்பலாமா என்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினர் பலர் கேட்கின்றனர். அவர்கள் விசாரிப்பது பெரும்பாலும் கட்டணம் பெற்று ஆட்களை ஒழுங்குசெய்து அனுப்பும் ஒரே நிறுவனத்தைப் பற்றித்தான். அந்த நிறுவனம் அனுப்பிய தொண்டர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் என்ற முறையில், நிறுவனத்தின் பெயரையும் இல்லத்தின் பெயரையும் தவிர்த்து, சேவையை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். குழந்தை மருத்துவத்தில் பயிற்சி பெற்ற தாதியருக்கும் இயன்மருத்துவருக்கும், அவர்கள் மூன்று மாதமாவது தங்குவார்களானால், இதைச் சிபாரிசு செய்வேன். நிறுவனம் விற்கும் இரண்டு வாரத் தொண்டுப் பயணப் பொதியை எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பயண ஒழுங்குகளில் குறை சொல்ல அதிகமில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஆள் வந்து நிற்பார். வாகனம் ஏ9 வீதியால் வந்து, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வழக்கம்போல ஒரு தேங்காய் உடைத்தபின் கிளிநொச்சிக்குள் நுழையும். தங்கும் வீட்டில் நுளம்புவலையும் கொதித்தாறிய நீரும் இருக்கும். பொலிஸ் நற்சான்றிதழையும், கக்குவான், சின்னமுத்து ஆகியவற்றுக்கான தடுப்பூசிப் பதிவையும் விண்ணப்பத்தோடு கேட்பது பாராட்டத்தக்கது. கக்குவானுக்கான இரண்டாம் மாதத்து முதல் ஊசி இன்னும் போடப்படாத குழந்தைக்கு, பெரியவர் ஒருவர் சாதாரண இருமல் என்று நினைத்துக் கொண்டுவருவது கக்குவானாக இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. விசா விடயத்தில் மட்டும் அவர்கள் சொல்வதை வேதவாக்காக எடுக்காமல், தொண்டு வேலைக்கு எந்த விசா வேண்டும் என்று இலங்கைத் தூதரகத்திடம் நேரே கேட்டுக்கொள்வது நல்லது.

விளம்பரப் பிரசுரம் நேர்மையானதன்று. ‘போரில் அநாதையான மழலைகள்’ என்று அதில் இன்னமும் அச்சிடுகிறார்கள். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அப்போது பெற்றோரை இழந்த பிள்ளைகளுள் இளையவர்கள்கூட இப்போது உயர்தர வகுப்பு வயதுக்கு வந்துவிட்டார்கள். இன்று தொண்டரின் கையில் இருக்கும் ஆறு மாதக் குழந்தை போரில் எவரையும் இழந்திருக்க வழியில்லை. இந்த இல்லத்துக்கு வந்த குழந்தைகளுள் நான் அறிந்த பலருக்குத் தாய் உயிரோடிருக்கிறாள். திருமணமாகாமல் பெற்றவள், கணவன் விட்டுப்போனவள், நுண்கடன் தவணைக்குப் பயந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனவள் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை உண்டு. இதை முன்கூட்டியே சொன்னால் வருகிறவர்கள் வேறு மனநிலையோடு வருவார்கள். ஆனால் பிரசுரம் விற்காது.

இரண்டு வாரப் பொதியின் பிரதான அம்சம் குழந்தைகளைத் தூக்கி வைத்திருப்பது. நாளில் பல மணி நேரம் மடியில் வைத்துக் கொஞ்சலாம், பால் புகட்டலாம், ஏணையில் ஆட்டலாம். ஒன்பது மாதக் குழந்தையொன்று, அன்று காலையில்தான் வந்திறங்கிய பெண்ணின் மடியில் தவழ்ந்தேறி, அவருடைய சங்கிலியைப் பிடித்திழுத்துச் சிரித்தது. எவ்வளவு பாசமான பிள்ளை என்று அவர் கண்கலங்கினார். அதை மொழிபெயர்க்கச் சொன்னபோது, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பராமரிப்பாளர் அம்மா தலையை நிமிர்த்தவேயில்லை. நம் வீடுகளில் அந்த வயதுக் குழந்தை வேற்றுமுகம் கண்டால் அம்மம்மாவின் தோளில் முகம் புதைத்து வீரிட்டழும். அந்த அழுகைதான் தன் ஆள் யாரென்று அது தெரிந்துகொண்டதற்கு அடையாளம். யாரைக் கண்டாலும் கை நீட்டுகிற குழந்தைக்குத் தன் ஆள் என்று ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மடி மாறுகிற ஏற்பாடு அந்தக் குறையை வளர்க்கவே செய்யும்.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்றில், விடுதிகளில் இருந்த 6 முதல் 31 மாத வயதுடைய 136 குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டனர். அக்குழந்தைகளின் அறிவுவளர்ச்சி, விடுதியிலேயே விடப்பட்டவர்களைவிட மேம்பட்டது, இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்களிடம் அந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களும் சிறு குழந்தைகளை, குறிப்பாக மூன்று வயதுக்குட்பட்டவர்களை, குடும்பச் சூழலிலேயே வளர்க்க வேண்டும் என்கின்றன. நிறுவனத்தின் கையேட்டில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

நீண்டகாலத் திட்டத்தில் வந்தவர்கள் விடயம் முற்றிலும் வேறு. லண்டனிலிருந்து வந்த குழந்தைகள் நலத் தாதி ஒருவர், முதல் வாரம் முழுவதும் ஒரு குழந்தையையும் தூக்காமல், சமையலறை வாசலில் ஒரு முக்காலியில் இருந்து அம்மாமார் பால்மா கரைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகல் முறைக்கு வருகிற அம்மா கரண்டியைக் கோபுரமாக அள்ளுவார், இரவு அம்மா பால்மா ரின் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அரைக் கரண்டி குறைப்பார். ஒரே குழந்தைக்குப் பகலில் மலச்சிக்கலும் இரவில் பசி அழுகையுமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். கரண்டியைக் கத்தியின் முதுகால் மட்டப்படுத்துவது, கொதித்த நீர் 70 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறுமுன் மாவைப் போடுவது, பிறகு போத்தலைக் குளிர்நீரில் வைத்து ஆற்றி மணிக்கட்டில் துளி விட்டுப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் அந்த அம்மாமாரின் கையாலேயே தமிழில் எழுதுவித்துச் சுவரில் ஒட்டினார். குழந்தைகளை ஏணையில் தூங்கவைப்பதைப் பற்றி அவருக்கும் அம்மாமாருக்கும் நடந்த வாக்குவாதத்தை மொழிபெயர்த்தே எனக்குத் தொண்டை வற்றியது. பகலில் கண்பார்வைக்குள் ஏணை, இரவில் தட்டையான மெத்தையில் மல்லாக்காக என்று கடைசியில் முடிவானது. அவர் போன பின்பும் அந்தத் தாள் சுவரில் இருக்கிறது, அதன்படி நடக்கவும் செய்கிறார்கள். இப்படியானவரை அனுப்பியதற்காக நிறுவனத்தை மனமாரப் பாராட்டுகிறேன்.

பருவம் தொடர்பாகவும் ஒரு பெருங்குறை உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், சோளகக் காற்று புழுதியை வாரியிறைக்கும்போது, குழந்தைகளைவிடத் தொண்டர்கள் அதிகமாக நிற்பார்கள். அம்மாமாருக்குக் குழந்தையைத் தொடுவதற்கு முறை கிடைக்காது. மாரி தொடங்கி, ஐப்பசி கார்த்திகையில் வீதிகளை வெள்ளம் மூடி, வேலைக்கு வருகிறவர்கள் பாதிப் பேராகி, தோய்த்த துணி மூன்று நாளாகியும் காயாமல், குழந்தைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சளி பிடித்து மூச்சிழுக்கும்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள். அது நம் நாட்டு மாரி என்பதை நிறுவனத்தார் அறியாதவர்கள் அல்லர். பல்கலைக்கழக விடுமுறை வருகிற காலத்தில் பொதியை விற்பதுதான் அவர்களுக்கு வசதி.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தொண்டர் இரண்டு வாரத்துக்குச் செலுத்துவது, பராமரிப்பாளர் ஒருவரின் மாதச் சம்பளத்தைவிடப் பன்மடங்கு அதிகம். அதில் இல்லத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால், நிர்வாகச் செலவு என்று ஒரு நீண்ட விளக்கம் வருகிறது. இப்படி வெளியார் பணம் பாயும் இடங்களில் இல்லங்களே பெருகும் என்பதற்குக் கம்போடியா உதாரணம்: அங்கே 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்கள் 75 சதவீதம் கூடின, ஆனால் அவற்றிலிருந்த பிள்ளைகளுள் நான்கில் மூவருக்குப் பெற்றோருள் ஒருவராவது உயிரோடிருந்தார். 1980களில் வெளிநாட்டுத் தத்தெடுப்பின் பெயரால் கைக்குழந்தைகள் விலைபேசப்பட்ட வரலாறு இலங்கைக்கும் உண்டு. வன்னியில் அப்படி நடக்கிறதென்று நான் சொல்லவில்லை. இந்த இல்லம் பதிவுசெய்யப்பட்டது, சிறுவர் இல்லங்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் ஒழுங்காக வந்து பார்க்கிறார்.

அனுப்ப விரும்பும் பெற்றோர், பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் நான்கு விடயங்களைக் கேட்க வேண்டும். இல்லம் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவானதா. கட்டணத்தில் எத்தனை வீதம் அம்மாமாரின் சம்பளத்துக்குப் போகிறது. தாயிடமோ உறவினரிடமோ குழந்தையைத் திருப்பிச் சேர்க்கும் வேலைக்கு யார் பொறுப்பு. குழந்தையோடு எடுத்த படத்தை முகநூலில் போடுகிற தொண்டரை உண்மையில் திருப்பி அனுப்புவார்களா. கடைசி விதி ஒப்பந்தத்தில் இருக்கிறது, மீறப்பட்டதையும் பார்த்திருக்கிறேன், ஒருவரும் திருப்பி அனுப்பப்படவில்லை. தொலைபேசியில் இனிமையாகத்தான் பேசுவார்கள். ஆகவே பதில்களை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிய பிறகே முற்பணத்தைச் செலுத்துங்கள், அந்த முற்பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்பிக் கிடைக்காது.