பெட்னார் வழியா, கூப்பர் வழியா?

ஐஸ் ஹாக்கியில் பயிற்சியாளராக உயர எந்த வழி மேல்? ஜாரெட் பெட்னார், வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்எச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடாத தடுப்பாட்டக்காரர். சிறிய லீக்கான இசிஎச்எல்லில், சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸ் வீரராக 1997, 2001-இல் கெல்லி கோப்பை வென்றார். ஓய்வுக்குப் பின் அங்கேயே துணைப் பயிற்சியாளர்; 2009-இல் தலைமைப் பயிற்சியாளராக அதே கோப்பை. அப்புறம் 2016-இல், என்எச்எல்லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏஎச்எல்லின் கால்டர் கோப்பை.

ஜான் கூப்பர் வேறு ரகம். தொழில்முறை ஹாக்கி ஆடியதே இல்லை. மிச்சிகனில் வக்கீலாக இருந்தவரை ஒரு நீதிபதி பள்ளி அணிக்குப் பயிற்சி தரக் கூப்பிட்டார். 2020, 2021-இல் டாம்பா பே அணியோடு என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை!

கோப்பையை எட்டிய வேகம் கூப்பருடையது. ஆனாலும் என் ஓட்டு பெட்னாருக்கே. என்எச்எல்லின் கொலராடோ அணிக்குப் பயிற்சியாளரான முதல் சீசனில் 82 ஆட்டங்களில் 22 வெற்றிதான். சிறிய லீக்கில் அடிபட்டவர், அசரவில்லை. 2022 ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றில் கூப்பரின் அணியையே 4-2 எனச் சாய்த்தார்.