முதலாண்டு லேபுக்கு எந்த எடிட்டர், எந்தக் கிட்?

முதலாண்டு மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தரத் தொடங்கும்போது இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும். எதில் எழுதுவது? எழுதியதை எங்கே, எப்படிச் சேமிப்பது? யூடியூபில் தேடினால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான்: எழுத விஎஸ் கோட் என்ற எடிட்டர், சேமிக்க கிட்ஹப் என்ற இணையதளம், முடிந்தது. சொந்த லேப்டாப்பும் நல்ல இணையமும் இருப்பவருக்கு அந்தப் பதிலில் தப்பில்லை. நம் ஊர்க் கல்லூரி லேப் பலவற்றில் நிலைமை வேறு. ஒரே கணினியில் காலையில் ஒரு பேட்ச், மதியம் இன்னொரு பேட்ச். எல்லாருக்கும் ஒரே லாகின். நெட் வரும், போகும். வீட்டில் பலருக்கு இருப்பது போன் மட்டும்.

அதனால் இந்த இரண்டையும் பிரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. லேபிலேயே மெதுவான கணினியை மனத்தில் வைத்து எடிட்டரை முடிவு செய்யுங்கள். கிட்டை (நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) எப்படி வைப்பது என்பதை, அந்தக் கணினியில் அடுத்து யார் வந்து உட்காரப்போகிறார் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

எதில் எழுதுவது

டர்போ சி++ இன்னும் சில லேப்களில், பழைய டாஸ் மென்பொருளை இயக்கும் டாஸ்பாக்ஸுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு பழைய கணினியிலும் ஓடும், கன்ட்ரோல் எஃப்9 தட்டினால் நிரல் இயங்கும் என்பது அதன் பக்கம் உள்ள நியாயம். மற்றபடி, சி++ மொழிக்கு 1998-இல் முதல் தரநிலை வருவதற்கு முன்பே வந்த கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) அது. அதில் இன்ட் என்ற முழு எண் வகைக்கு 2 பைட். 32,767-ஐத் தாண்டினால் எண் மைனஸுக்குப் போய்விடும். டாஸ் காலத்துக் கோனியோவோடும் கிளியர்ஸ்கிரீனோடும் பழகிய மாணவரை லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் முன் உட்காரவைத்தால் முதல் வரியிலேயே எரர் வரும். கம்பைலர், நிரல், ஆப்ஜெக்ட் ஃபைல், பேக்கப் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடப்பதால் கிட் வைப்பதும் தொல்லை. பாடத்திட்டம் வற்புறுத்தாவிட்டால் விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி தோனிக்கும் விஎஸ் கோடுக்கும்தான். (கிரிக்கெட் தோனி இல்லை; ஆனால் அந்தப் பெயராலேயே மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.) தோனி, எஸ்டோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் பைத்தான் கற்கத் தொடங்குபவர்களுக்காகவே உருவான எடிட்டர். பைத்தானும் அதனுடனேயே வந்துவிடுவதால் தனியாக நிறுவ வேண்டாம். முதல் வாரத்தில் பாதியைத் தின்றுவிடும் பாத் (பைத்தான் எங்கே இருக்கிறது என்று கணினி தேடும் இடங்களின் பட்டியல்) பிரச்சினை, அதாவது பைத்தான் இன்ஸ்டாலரில் அந்த ஒரு பெட்டியை டிக் செய்யாமல் விட்டதால் வருவது, இங்கே கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம் அதன் டீபக்கர், அதாவது நிரலைப் படிப்படியாக ஓட்டிப் பிழை தேடும் கருவி. ஒரு வரியில் உள்ள கணக்கு உள்ளிருந்து வெளியே எந்த வரிசையில் நடக்கிறது, ஒவ்வொரு படியிலும் என்ன மதிப்பு வருகிறது என்று திரையிலேயே மாற்றிக் காட்டும். ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) நடத்தும்போது ஒவ்வொரு அழைப்புக்கும் தனி ஜன்னல் திறக்கும். கரும்பலகையில் ஒரு மணி நேரம் வரைந்தாலும் இவ்வளவு தெளிவு வராது.

விஎஸ் கோடை மைக்ரோசாஃப்ட் 2015-இல் அறிமுகம் செய்தது. வேலைக்குப் போகிற இடத்தில் அநேகமாக இதுதான் இருக்கும், கிட் உள்ளேயே இருக்கிறது, எந்த மொழிக்கும் எக்ஸ்டென்ஷன் உண்டு. ஆனால் அது எலக்ட்ரான் என்ற, பிரவுசர் இன்ஜினை உள்ளே கொண்ட கட்டமைப்பின் மேல் கட்டப்பட்டது. 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் மூச்சு வாங்கும். சி எழுத வேண்டும் என்றால் கம்பைலரைத் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸில் மிங்ஜிடபிள்யூ என்ற கம்பைலர், அதன் பாத், பிறகு இரண்டு ஜேசன் (தகவலை எழுதிவைக்கும் ஒரு வடிவம்) ஃபைல்கள். லூப் என்றால் என்னவென்று இன்னும் தெரியாத மாணவர் ஜேசனில் விட்டுப்போன காற்புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பார். இன்னொரு புது விவகாரம்: 2024 டிசம்பரிலிருந்து நிரலைத் தானே எழுதித்தரும் கோபைலட்டின் இலவசப் பதிப்பு இதில் கிடைக்கிறது. 'ஃபார்' என்று தட்டினாலே மீதியைச் சாம்பல் நிறத்தில் நீட்டுகிறது. டேப் அடித்தால் பயிற்சி முடிந்தது. முதல் செமஸ்டரில் அதை அணைத்து வைக்கச் சொல்வேன். மூன்றாவது செமஸ்டரில் அதே ஆலோசனையைச் சொல்ல மாட்டேன்.

பைத்தான் பாடமென்றால் முதல் பருவத்துக்குத் தோனி. சி என்றால் கோட்பிளாக்ஸ் என்ற எடிட்டர் போதும், கம்பைலரோடு வரும் இன்ஸ்டாலரைப் பார்த்து எடுக்க வேண்டும். அடுத்த பருவத்தில் விஎஸ் கோடுக்கு மாறலாம்.

பிரவுசரிலேயே முடித்துவிடலாமா

எதையும் நிறுவ வேண்டாம் என்பது ஆசை காட்டும் யோசனைதான். பிரவுசரிலேயே ஒரு லினக்ஸ் கணினியைத் தரும் கிட்ஹப் கோட்ஸ்பேசஸ், தனிநபர் இலவசக் கணக்குக்கு மாதம் 120 கோர் மணி தருகிறது. மிகச் சிறிய இயந்திரத்துக்கே 2 கோர் என்பதால் நடைமுறையில் 60 மணி நேரம். ஒரு பாடத்தின் லேபுக்கு அது தாராளம். எல்லாருக்கும் ஒரே லினக்ஸ், ஒரே பைத்தான். 'என் கணினியில் மட்டும் ஓடவில்லை சார்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் திறக்கும்போது லேபின் நெட் தாங்க வேண்டும். அரை மணி நேரம் தொடாவிட்டால் அது தானாக நின்றுவிடும். மாற்றி அமைக்காவிட்டால், முப்பது நாள் திறக்காமல் விட்ட கோட்ஸ்பேஸ் அழிந்தும்போகும். செமஸ்டர் விடுமுறைக்கு முன் புஷ் செய்யாமல் (சர்வருக்கு அனுப்பாமல்) விட்டது அதோடு போயிற்று.

இலவச இணையச் சேவையை நம்பி ஒரு பாடத்தையே கட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பிரவுசரில் நிரல் எழுதும் தளமான ரெப்லிட், ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த வகுப்பு வசதியை 2024-இல் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு அமேசானின் இதே மாதிரிச் சேவையான கிளவுட்9 புது வாடிக்கையாளர்களுக்குக் கதவை மூடியது. கோட்ஸ்பேசஸை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம். லேப்டாப் பழுதான மாணவருக்கு அது பெரிய உதவி.

பிரவுசரில் பைத்தான் நோட்புக் ஓட்டும் கூகுள் கோலாப் பற்றியும் கேட்பார்கள். டேட்டா சயன்ஸுக்கு நல்லது. கிட்டோடு மட்டும் ஒத்துப்போகாது: நோட்புக் ஃபைல் உள்ளே ஜேசன் என்பதால் ஒரு வரி மாற்றினாலும் டிஃப்பில் (மாறிய வரிகளின் பட்டியலில்) வெளியீடு, படம் என்று பக்கம் பக்கமாக வரும்.

எங்கே சேமிப்பது

இப்போது நடைமுறையில் இருப்பது பென்டிரைவும் வாட்ஸ்அப்பும். 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஃபைனல் ஒரிஜினல்' என்று ஜிப் ஃபைல்கள். இதைவிட எதுவும் மேல் என்று கூகுள் டிரைவுக்குப் போகிறவர்கள் கிட் ரிப்போவையும் (நிரலும் அதன் கிட் வரலாறும் இருக்கும் ஃபோல்டர்) அந்த சிங்க் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அது கூடாது. கிட்டின் உள் ஃபைல்களை சிங்க் மென்பொருள் பாதியில் எடுத்துப்போனால் ரிப்போ கெட்டுவிடலாம். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவுக்குள் போய்விடும் கணினிகளும் உண்டு; ரிப்போவுக்கு வேறு ஃபோல்டர் வைப்பது நல்லது.

லினக்ஸ் கர்னல் குழுவுக்கு பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தும் வசதி போனபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது கிட். முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருக்கும்படி அமைத்ததால் கமிட் செய்ய (மாற்றத்தைப் பதிய) நெட் தேவையில்லை. கிட்ஹப் 2008-இல்தான் வந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். முதல் நாளே கிட்ஹப்பில் தொடங்கினால் அந்த எண்ணம் உறுதிப்படும். கணக்குத் திறப்பு, இரட்டைச் சரிபார்ப்பு, டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான நீண்ட குறியீடு) என்று முதல் வகுப்பு அதிலேயே தீர்ந்துவிடும். 2021 ஆகஸ்ட் 13 முதல் அங்கே கடவுச்சொல் கொடுத்துப் புஷ் செய்யவும் முடியாது.

முதல் மாதத்துக்கு கணினிக்குள்ளேயே இருக்கும் கிட் போதும். இனிட், ஸ்டேட்டஸ், ஆட், கமிட், டிஃப், லாக் என்ற ஆறு கட்டளைகள். தோனியில் கிட் பட்டன் இல்லாதது இங்கே லாபம், டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) தட்டித்தான் ஆக வேண்டும். கிட்ஹப் டெஸ்க்டாப்பில் அழகான ஜன்னல் உண்டு, டிஃப்பை வண்ணத்தில் காட்டும். ஆனால் லினக்ஸுக்கு அதிகாரபூர்வப் பதிப்பு கிடையாது. எதையோ அழுத்தினேன், ஏதோ ஆயிற்று என்ற நிலையிலேயே மாணவரை விட்டுவிடவும் செய்யும். விண்டோஸில் கிட் நிறுவும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எடிட்டராக விம் தேர்வாகி இருக்கும், அதை நோட்பேடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் செய்தி எழுதாமல் கமிட் கொடுத்த ஒவ்வொருவரும் வெளியேற வழி தெரியாமல் கை தூக்குவார்கள்.

அப்புறம் பொதுக் கணினியின் தொல்லை. காலை பேட்ச் மாணவி குளோபல் (கணினி முழுமைக்கும்) என்று போட்டுத் தன் பெயரையும் மின்னஞ்சலையும் பதிந்துவிட்டுப் போவார். மதியம் வருகிறவர் செய்யும் கமிட் எல்லாம் அந்த மாணவியின் பெயரில் விழும். புஷ் செய்யும்போது இன்னும் மோசம். விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜர் காலை மாணவியின் லாகினை வைத்திருக்கும். மதிய மாணவருக்கு 403, அனுமதி இல்லை என்று வரும், அதுவும் வேறொருவர் பெயரைச் சொல்லி. பெயரைக் குளோபல் இல்லாமல் ஒவ்வொரு ரிப்போவுக்குள்ளும் பதியச் சொன்னால் முதல் சிக்கல் தீரும். லாகினை நினைவில் வைக்கும் கிரெடென்ஷியல் ஹெல்பரை லேப் கணினிகளில் நிறுத்திவிட்டால் இரண்டாவதும் தீரும். என்ன, ஒவ்வொரு புஷ்ஷுக்கும் டோக்கன் ஒட்ட வேண்டியிருக்கும்.

ரிப்போவைப் பென்டிரைவில் வைத்தால் இவ்வளவு தலைவலி இல்லையே என்று தோன்றும். ஓரளவு சரிதான். ஆனால் 2022-க்குப் பிந்தைய கிட், ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்று பார்க்கிறது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் அந்தத் தகவலே இருக்காது. 'சந்தேகத்துக்குரிய உரிமை' என்று நிறுத்திவிடும். அந்த ஃபோல்டரைப் பாதுகாப்பானது என்று ஒருமுறை குறித்தால் போகும், ஆனால் கணினிக்குக் கணினி குறிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் எனக்குப் பிடித்த மாற்று, லேபுக்குள்ளேயே ஒரு கிட்டீ சர்வர், அதாவது கிட்ஹப் மாதிரி நாமே ஓட்டும் ஒன்று. 2016-இல் காக்ஸ் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. ஒரே ஒரு ஃபைலாக இயங்கும், எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் போதும், ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலேயே ஓடிவிடும். இதே வேலையைச் செய்யும் கிட்லேபையும் சொந்தமாக நிறுவலாம், ஆனால் அது பல ஜிபி ரேம் கேட்கும்; மூலையில் கிடக்கும் பழைய கணினிக்குக் கட்டுப்படியாகாது. கிட்டீயில் கணக்குகளை ஆசிரியரே திறந்து தரலாம், நெட் போனாலும் லேன் (லேபுக்குள் உள்ள இணைப்பு) இருந்தால் புஷ் போகும். குறை என்னவென்றால் பேக்கப் உங்கள் தலையில். இறுதியாண்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட கிட்ஹப் பக்கமும் வேண்டும். அதனால் இரண்டாம் ஆண்டில் அங்கே கணக்குத் திறக்கச் சொல்லலாம். பிரைவேட் ரிப்போ 2019 முதல் இலவசம் என்பதால் அசைன்மென்ட்டைப் பக்கத்து நண்பர் காப்பியடிப்பார் என்ற கவலையும் குறைவு.

போன் மட்டும் உள்ளவர்களுக்கு டெர்மக்ஸ் என்ற ஆண்ட்ராய்டு டெர்மினல் செயலி. எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையிலிருந்து நிறுவி கிட், பைத்தான், சி கம்பைலரான கிளாங் மூன்றையும் போட்டுக்கொள்ளலாம். சின்னத் திரையில் நிரல் எழுதுவது சுகமில்லை; வீட்டில் குளோன் (ரிப்போவின் நகல்) எடுத்துப் படித்துப் பார்க்க, நாலு வரி திருத்தி கமிட் போட அது போதும். ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கிறவர்கள் க்வோட்பாத் (core.quotePath) என்ற கிட் அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்டேட்டஸில் பெயருக்குப் பதில் 340, 256 என்று எண்களாகக் கொட்டும்.

மதிப்பெண் போடுகிறவர்களுக்கு ஒரு வேறுபாடு முக்கியம். கணினிக்குள் இருக்கும் கிட்டில் கமிட் தேதி என்பது அந்தக் கணினியின் கடிகாரம் சொல்வதுதான். கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் நேற்றே முடித்ததாகக் காட்டிவிடலாம். கிட்டீயிலும் கிட்ஹப்பிலும் புஷ் வந்து சேர்ந்த நேரத்தை சர்வர் தனியாகக் குறித்துக்கொள்கிறது. கெடு வைத்த அசைன்மென்ட் என்றால் அந்த நேரத்தைப் பாருங்கள்.