பழைய சாகாவுக்கு முள்ளா, விளக்கா?

1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா என்ற மலேசியக் காரில் எஞ்சின் வெப்பத்துக்கும் பெட்ரோலுக்கும் அளவு காட்டும் முள் உண்டு. எஞ்சின் ஆயில் அழுத்தத்துக்கும் பேட்டரி சார்ஜுக்கும் சிவப்பு விளக்கு மட்டும்தான். கூடுதல் மீட்டர் மாட்டினால் போதாதா என்று கேட்பார்கள். கோலாலம்பூர் நெரிசலில் குறுக்கே நுழையும் மோட்டார் சைக்கிளைப் பார்ப்பதா, முள்ளைப் பார்ப்பதா? முள் எவ்வளவு என்று சொல்லும், கூப்பிடாது. விளக்கு கூப்பிடும், எவ்வளவு என்று சொல்லாது.

ஆயிலில்தான் சிக்கல் அதிகம். காரோடு வரும் சுவிட்ச், ஆயில் அழுத்தம் சுமார் 4, 5 பிஎஸ்ஐக்குக் (அழுத்த அலகு) கீழே போனால்தான் விளக்கை ஏற்றும். நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது அது எரிந்தால் பேரிங் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். கடையில் விற்கும் 20 பிஎஸ்ஐ சுவிட்ச் முன்கூட்டியே சொல்லும். ஆனால் தேய்ந்த எஞ்சின் சூடானபின் ஐட்லிங்கில் (கார் நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) 15-க்கு இறங்கிவிட்டால் டிராபிக் லைட்டுக்கு டிராபிக் லைட் விளக்கு மினுங்கும். ஒரே வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும், அப்புறம் அது இருந்தும் வீண். அதனால் முதலில் மீட்டரைப் போட்டு, அரை மணி நேரம் ஓட்டி, ஐட்லிங் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட 5 பிஎஸ்ஐ குறைவான சுவிட்சை வாங்குங்கள்.

மாட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று, விடிஓ நிறுவனத்தின் இரட்டை முனை சென்டர், அதாவது அழுத்தத்தை அளந்து மீட்டருக்கு அனுப்பும் சென்சார். அதில் ‘ஜி’ முனை மீட்டருக்கு, ‘டபிள்யூகே’ முனை விளக்குக்கு. துளை ஒன்றே போதும். ஆனால் அது கெட்டால் இரண்டும் சேர்ந்து போகும். இன்னொன்று, ஒரே துளையை இரண்டாகப் பிரிக்கும் டி-பீஸ்: சென்டர் ஒரு பக்கம், சுவிட்ச் ஒரு பக்கம். நம் ஓட்டு டி-பீஸுக்கே. சாகாவின் துளை 1/8 பிஎஸ்பிடி என்ற பிரிட்டிஷ் மரை அளவு, அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்க அளவான என்பிடி 27 மரை; அந்த வகை டி-பீஸை வாங்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று சுற்று ஏறும், பொருந்தியதுபோலவே இருக்கும், பிறகு ஆயில் கசியும். கனமான சென்டரை பிளாக்கிலேயே தொங்கவிட்டால் அதிர்வில் கழுத்து முறியும். பின்னல் ஹோஸ் போட்டு பயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) மாட்டுங்கள். அங்கே சென்டர் உடலுக்குத் தனி எர்த் வயர் கட்டாயம், மறந்தால் மீட்டர் பிதற்றும்.

வெப்பத்தில் முள்ளை நம்பியவர்கள்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள். கெந்திங் மலை ஏற்றத்தில் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போனால் சென்சார் காற்றில் தொங்கும், முள் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி அடாப்டரில் மாட்டும் வெப்ப சுவிட்சுக்கும் இதே கதிதான். நீர்மட்ட சென்சார் நல்லது, ஆனால் ரேடியேட்டரின் மேல் தொட்டியில் வைக்க வேண்டும். ரிசர்வ் பாட்டிலில் வைத்தால், மூடி கெட்டு ரேடியேட்டர் காலியானாலும் பாட்டில் நிறைந்தே நிற்கும், விளக்கு எரியாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிலிண்டர் ஹெட்டின் சிறு போல்ட் ஒன்றுக்கு அடியில் வைக்கும் வளைய சென்சார் வாங்குங்கள். உலோகத்தின் சூட்டையே அளப்பதால் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஹெட்டை பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்கும் பெரிய ஹெட் போல்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். வழக்கமாகக் காட்டும் அளவுக்கு மேல் 10, 15 டிகிரியில் அலாரத்தை வையுங்கள்.

சார்ஜுக்கு வோல்ட் மீட்டரே மேல். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை நின்றால் சரி. பெல்ட் வழுக்கி 12.8-க்கு இறங்கினாலும் விளக்கு பல நேரம் வாய் திறக்காது. அதற்காக விளக்கைக் கழற்றிவிடாதீர்கள், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரம் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. எல்இடியாக மாற்றினால் அதற்கு இணையாக (பேரலலாக) 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும்.